பூசைக்கு முன்னால் ஒரு போர்மேன்

விருதுநகர்க் கல்லூரியில் ஒன்றாக வேதியியல் படித்துவிட்டுப் பிரிந்தவர்களை முப்பது வருடம் கழித்து ஒன்றுசேர்க்க வேண்டும் என்று கண்ணுச்சாமிக்குத் தோன்றியது. அவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மனிதர்களை ஒன்றுசேர்க்கும் எண்ணம் அவனுக்கு அடிக்கடி வரும். வாட்ஸப்பில் குரூப் தொடங்கி, நம்பர் கிடைத்தவனையெல்லாம் உள்ளே இழுத்துப் போட்டான். முதல் வாரம் எல்லாரும் காலை வணக்கம் சொன்னார்கள். அடுத்த வாரம் யாருக்கு முடி கொட்டியது, யாருக்குச் சர்க்கரை வந்தது என்று பேசித் தீர்த்தார்கள். அதற்கு மேல் பேச ஒன்றும் அகப்படாததால் நேரில் சந்திப்பது என்று முடிவாயிற்று.

அந்த வகுப்பில் பாதிப்பேர் பட்டாசுக் கம்பெனிகளில் போர்மேன்கள். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பட்டாசுக் கம்பெனி நடத்த லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குப் போர்மேன் வேண்டும். போர்மேனுக்கு வெடிமருந்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இந்த வட்டாரத்தில் வேதியியல் படித்தவன் வேலை தேடி அலைய வேண்டியதில்லை, வேலையே வேனில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். கம்பெனி வாசல் போர்டில் உரிமையாளர் பெயர் மேலே இருக்கும், போர்மேன் பெயர் கீழே இருக்கும். விபத்து என்று ஒன்று நடந்தால் மறுநாள் பேப்பரில் கீழே இருந்த பெயர் மேலே வந்துவிடும்: ‘போர்மேன் கைது. உரிமையாளரைப் போலீசார் தேடி வருகின்றனர்.’ ஆளைப் பொறுத்து, தேடுவதற்குச் சில நாளும் ஆகும், சில மாதமும் ஆகும்.

ஏழாயிரம்பண்ணைச் சின்னச்சாமி போர்மேனாக இருந்தவன். பங்குனி மாதம் ஆபீசர்கள் வந்து அவன் வேலை பார்த்த யூனிட்டுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் விதிப்படி இருக்க வேண்டிய இடைவெளி இல்லையாம். அது அவர்கள் வருவதற்கு முன்னாலும் இல்லைதான். முதலாளி, போதும்டா சாமி என்று கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து சின்னச்சாமி வீட்டில் இருந்தான். மனைவி மாரிசெல்வி காலையில் வேனில் ஏறிப் பட்டாசுக்குப் போவாள், அவன் தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, குழம்பு வைத்துவிட்டுக் காத்திருப்பான். முதல் மாதம் கதவைச் சாத்திக்கொண்டு பொங்கினான். ஆடி வாக்கில் கதவைத் திறந்து வைத்தான், புகை அடைத்தது.

சந்திப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் ராஜபாண்டியன் போன் பண்ணினான். அந்த வகுப்பில் அப்பாவுக்குக் கம்பெனி இருந்தவன் அவன் ஒருவன்தான். ஆகவே முதலாளியானவனும் அவன் ஒருவன்தான். அவனுடைய வெம்பக்கோட்டை யூனிட்டில் ஆவணியில் விபத்து நடந்தது. மூன்று பெண்கள் செத்தார்கள். காரணம் உராய்வு என்று பேப்பரில் போட்டிருந்தது. இந்தப் பக்கம் எல்லா விபத்துக்கும் காரணம் உராய்வுதான், வேறு காரணம் எழுதி யாருக்கும் பழக்கமில்லை. இப்போது யூனிட்டுக்குப் போட்டிருந்த தடை நீங்கிவிட்டது.

“ஏலே சின்னச்சாமி, நாளைக்கு வாறேல்ல? வெள்ளிக்கெளமை பூசை போட்டுக் கம்பெனி தொறக்கணும். போர்மேன் பேரு இல்லாமத் தொறக்க முடியாது. ஒன்ன விட்டா எனக்கு யாருலே இருக்கா?”

“ம்” என்றான் சின்னச்சாமி.

“நாளைக்குப் பேசி முடிச்சிருவோம். குடும்பத்தோட வா.”

“ம்.”

போனை வைத்ததும் மாரிசெல்வி கேட்டாள். “ம்முன்னா என்ன அர்த்தம்?”

“கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம்.”

“அவுக சரின்னு அர்த்தம் வச்சிருப்பாக.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான?”

“கூடப் படிச்சவன் செல்வி. மூஞ்சில அடிச்சாப்புல எப்படிச் சொல்ல?”

மாரிசெல்வி வாசல் பக்கம் திரும்பினாள். வெளியே கார்த்திகை மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்துக் கிடந்த மாதம் அது. ஊரே பகலில் தூங்கியது.

“வெள்ளைத்தாயி எங்கூடத்தான் வேன்ல வருவா” என்றாள். “ஜன்னல் சீட்டுக்குத் தெனம் சண்ட. அந்த வாரம் அவுக கம்பெனில பேன்சி வெடிக்கு ஆள் பத்தலைன்னு போனா. திரும்பி வரைல பொட்டலமாத்தான் வந்தா. பாடையில ஒரு பக்கம் நீங்கதான் பிடிச்சீக.”

“பிடிச்சேன்.”

“பெறகு?”

“சேர மாட்டேன். சொல்லிட்டு வந்துருறேன்.”

“நீங்க சொல்ல மாட்டீக. ம்முன்னுட்டு வந்து நிப்பீக. நானும் வாறேன்.”

“ஆம்பளைக கூடுற எடத்துல நீ எதுக்கு?”

“குடும்பத்தோட வரச் சொல்லிருக்காகள்ல. குடும்பம்னா யாரு, ஆட்டுக்குட்டியா?”

சாத்தூர் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து விருதுநகருக்கு ஒரு பஸ். மகள் பிரீத்திகா மதுரையிலிருந்து எடுத்துக் கொடுத்த சேலையை மாரிசெல்வி கட்டியிருந்தாள். மகள் நர்சிங் படிக்கிறாள். சாத்தூரில் சேவு வாங்கலாமா என்று சின்னச்சாமி கேட்டான். ஒரு வேலையை முடிக்கப் போகிறோம், அதை முடித்துவிட்டுச் சேவு தின்னலாம் என்று சொல்லிவிட்டாள். வழியெல்லாம் அவனுக்கு ஒத்திகை நடந்தது.

“ராஜபாண்டி, மன்னிச்சிக்கோ, எனக்குத் தோதுப்படாது. இம்புட்டுத்தான். சொல்லுங்க பாப்போம்.”

“பஸ்ஸுலயா?”

“பஸ்ஸுலயே வரலைன்னா மண்டபத்துல எங்கிட்டு வரும்?”

சின்னச்சாமி சன்னமாகச் சொன்னான். முன்சீட்டுக்காரர் திரும்பி, “என்னண்ணே?” என்றார்.

மண்டபம் ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்தது. வாசலில் வாழைமரம் கட்டி, முப்பது வருடத்துக்கு முந்தின குரூப் போட்டோவைப் பெரிதாக்கி வைத்திருந்தான் கண்ணுச்சாமி. ஒவ்வொருவனும் வந்து முதலில் அதில் தன்னைத் தேடினான், கிடைத்ததும் வருத்தப்பட்டான். பக்கத்து மேசையில் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ்கள் குவிந்துகிடந்தன. ஒவ்வொரு போர்மேனும் நண்பர்களுக்குக் கொடுக்கலாம் என்று தன் கம்பெனியில் தீபாவளிக்கு மிஞ்சினதைக் கொண்டுவந்திருந்தான். மத்தாப்பைப் பார்த்தாலே கண் எரிகிறவர்கள் எல்லாரும். எல்லாரும் எல்லாருக்கும் கொடுத்தார்கள். கடைசியில் ஆளுக்கு இத்தனை பெட்டி என்று கொண்டுவந்த அதே கனத்தோடு திரும்ப வேண்டியிருந்தது. பெட்டியின் படம் மட்டும் மாறியிருந்தது.

ராஜபாண்டியன் வெள்ளைச் சட்டையில் நடுவில் நின்றான். இந்த மூன்று மாதத்தில் இளைத்திருந்தான். ஆவணி முழுக்கக் குற்றாலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்ததாகப் பேச்சு. சின்னச்சாமியைக் கண்டதும் வந்து கட்டிக்கொண்டான்.

“ஏலே, வந்துட்டியா? வாம்மா தங்கச்சி. சாப்பிட்டீகளா?”

சின்னச்சாமிக்கு அங்கே ஒரு சங்கடம் இருந்தது. கல்லூரியில் அவனை ஏலே என்றுதான் கூப்பிட்டான். இப்போது ஏலே என்றால் பக்கத்தில் நிற்கிற அவனுடைய மேனேஜர் முகம் சுளிப்பார். முதலாளி என்றால் வேலைக்கென்று வந்ததுபோல் ஆகிவிடும். ஆகவே கூப்பிடாமலே சிரித்தான். மாரிசெல்வி முழங்கையால் இடித்தாள். அவன் வாயைத் திறக்கும்போது கண்ணுச்சாமி வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாற்காலிகளை அட்டெண்டன்ஸ் வரிசைப்படி போட்டிருந்தார்கள். கண்ணுச்சாமியின் யோசனை. இங்கிலீஷ் எழுத்துப்படி செழியனும் சின்னச்சாமியும் பக்கத்துப் பக்கத்து எண். லேபிலும் ஒரே பெஞ்ச். தெரியாத உப்பைக் கொடுத்து என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னால், செழியன் முகர்ந்து பார்ப்பான், சின்னச்சாமி லேப் அட்டெண்டரைப் பார்ப்பான். இருவரும் ஒரே விடையைத்தான் எழுதினார்கள்.

செழியன் நாற்காலி காலியாக இருந்தது. எல்லாரும் அந்த நாற்காலியைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். வெம்பக்கோட்டை யூனிட்டின் போர்மேன் அவன்தான். பேப்பரில் மேலே வந்த பெயரும் அவனுடையதுதான். ஜாமீனில் வந்து ஒரு மாதம் ஆகிறது. வருவானா, வந்தால் ராஜபாண்டியனும் அவனும் எப்படி முகம் பார்ப்பார்கள் என்று ஆளாளுக்கு ஒரு கவலை. பதினொரு மணிவாக்கில் அவன் வந்தான். நேரே ராஜபாண்டியனிடம் போய், “என்ன முதலாளி, இளைச்சிட்டீக?” என்று தோளில் தட்டினான். ராஜபாண்டியன், “நீ ஒரு சுத்துப் பெருத்துட்டியேலே” என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். கவலைப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

“ஏன்டே இம்புட்டு நேரம்?” என்றான் சின்னச்சாமி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனிடம்.

“ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டு வரணும்லா? ரைட்டர் இன்னைக்கு லேட்டு. நான் இருந்து தொறந்து விட்டமாதிரி ஆச்சு.”

பிறகு அறிமுகம் தொடங்கியது. ஒவ்வொருவனாக எழுந்து மைக்கில் பெயர், வேலை, பிள்ளைகள் சொல்ல வேண்டும். முதலில் பேசினவன் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர். அடுத்தவன் துபாயில் பெயின்ட் கம்பெனி. அடுத்தவன் சொந்தமாக அச்சகம், மகள் டாக்டர். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். துபாய்க்குக் கூடுதலாகத் தட்டினார்கள்.

சின்னச்சாமி தன் வரிசையை எண்ணிப் பார்க்கத் தொடங்கினான். பேர் சின்னச்சாமி, ஊர் ஏழாயிரம்பண்ணை, மகள் நர்சிங். நடுவில் ஒரு இடம் ஓட்டையாக இருந்தது.

செழியன் எழுந்தான். “நான் செழியன். தெனம் காலைல ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடுறேன். லீவு கெடையாது. மத்த நேரமெல்லாம் ப்ரீ.”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. ராஜபாண்டியனும் சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் மைக் சின்னச்சாமி கைக்கு வந்துவிட்டது. எல்லாருடைய முகமும் இன்னும் சிரித்தபடி இவன் பக்கம் திரும்பியிருந்தது. மனைவிமார் உட்கார்ந்திருந்த பக்கத்தில் மாரிசெல்வி தெரிந்தாள். வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று சொன்னால் அதே சிரிப்புத் தொடரும் என்று தோன்றியது. செழியனாவது சர்க்கார் வேலை மாதிரி ஏதோ ஒன்று செய்கிறான்.

“நான் சின்னச்சாமி” என்றான். “நம்ம ராஜபாண்டியன் கம்பெனில போர்மேன்.”

அவனுக்கே அது வேறு யாரோ சொன்னதுபோல ஸ்பீக்கரில் கேட்டது. ராஜபாண்டியன்தான் முதலில் கைதட்டினான், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி. பிறகு எல்லாரும் தட்டினார்கள். துபாய் அளவுக்கே தட்டினார்கள் என்று சொல்லலாம். சின்னச்சாமி மகளைப் பற்றிச் சொல்ல மறந்து உட்கார்ந்தான்.

மாரிசெல்வி இருந்த பக்கம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, அந்தப் பக்கம் அவன் முகம் சூடாயிருந்தது.

அதன் பிறகு பேசியவர்களை அவன் சரியாகக் கேட்கவில்லை. லட்சுமிகாந்தம் எழுந்து, “வத்தல் கமிஷன் மண்டி. அப்பா காலத்துலருந்து” என்று சொன்னது மட்டும் கேட்டது. மண்டி என்ற சொல்லுக்கே இந்த ஊரில் ஒரு கனம் உண்டு. லட்சுமிகாந்தம் அதைச் சொல்லிவிட்டு நல்ல நிமிர்வாக உட்கார்ந்தான்.

ஒரு மணி நேரம் சின்னச்சாமி போர்மேனாக இருந்தான். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேர் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். அச்சகக்காரன் லேபிள் ஆர்டர் பற்றி மெல்லக் காதில் போட்டான். ஒருவன் தன் மச்சினனுக்கு வாட்ச்மேன் வேலை கேட்டான். சின்னச்சாமி, “பாப்போம்” என்றான். பாப்போம் என்று சொல்லி எவ்வளவு நாளாயிற்று.

பந்தியில் எண்ணெய்ப் பரோட்டாவும் மட்டன் சுக்காவும் போட்டார்கள். செலவு ராஜபாண்டியனுடையது. சின்னச்சாமிக்கு இந்தப் பக்கம் செழியன் உட்கார்ந்தான், எதிர்வரிசையில் மாரிசெல்வி. அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரோட்டாவைப் பிய்த்தபடி செழியன் பேச்சை ஆரம்பித்தான்.

“அப்ப ஏம் வேலை ஒனக்கா?”

“இல்லடே… வாயில வந்துருச்சு.”

“சரி விடு. எவனுக்கோ போறதுக்கு ஏங்கூட நின்னவனுக்குப் போகட்டும். கேஸு முடிஞ்சா எனக்கு வேற யூனிட்டு தாறேன்னு சொல்லிருக்கான். கேஸு முடியைல நமக்குப் பேரன் பேத்தி எடுத்துரும், அது வேற.” சால்னாவை ஊற்றிக்கொண்டான். “ஒண்ணு ரெண்டு சொல்லிருறேன், கேட்டுக்க. கடைசி ரூமுக்குப் பின்னாடி ஒரு வேப்பமரம் இருக்கு. சீசன்ல ரூமு பத்தாது. அதுக்கடியில ஒக்காத்தி வச்சுத்தான் திரி சொருகுவாக.”

“மரத்தடியிலயா? கூடாதுல்ல?”

“கூடாதுதான். ஆபீசர் ஜீப்பு வந்தா வாச்மேன் விசிலடிப்பான். நீ போயி எல்லாத்தையும் எந்திரிக்கச் சொல்லிக் காட்டுக்குள்ள வெரட்டிரணும். கெளவிக எந்திரிக்க நேரமாகும், மொதல்ல கெளவிகள எழுப்பு.”

“ம்.”

“ரூமுகள உள்வாடகைக்கு விட்டுருப்பான். ஆளாளுக்கு ஒரு மொதலாளி. அவுக ஒன் பேச்சக் கேக்க மாட்டாக. நீயும் பேசாத. போர்டுல பேரு நம்ம பேரு, வேலை அவுக வேலை.”

“பெறகு நாம எதுக்குலே?”

“அதுக்குத்தான்லே வாறேன்.” செழியன் விரலை நக்கிக்கொண்டான். “ஏதாச்சும் ஆச்சுன்னா ஓடாத. ஓடுனா வீட்டு ஆளுகளத் தூக்கிருவான். நேரா போயிரு. கைலியோட போகாத, நான் கைலியோட போயிட்டேன், போட்டோ புடிச்சுப் பேப்பர்ல போட்டுட்டான், ஏம்மக ஸ்கூலுக்கே போகலைன்னுட்டா. வேட்டி சட்டையோட போ. ஜெயிலுக்குள்ள மொத நாளே கம்பளி கேட்டு வாங்கிரு. அப்புறம் நல்ல கம்பளி போயிரும். வக்கீல் ராஜபாண்டி வைப்பான், நல்ல மனுசன். அவரு பேசைல நீ பேசாத.”

எதிரில் மாரிசெல்வியின் கை இலையில் அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து ராஜபாண்டியனின் மனைவி யோகேஸ்வரி பால்கோவாத் தட்டோடு வரிசையில் வந்தார். நல்ல மனம் உள்ளவர். ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத்தான் வைப்பார்.

“நல்லா சாப்பிடுங்க. இனி நம்ம கம்பெனிக் குடும்பம்லா நீங்க” என்றார் மாரிசெல்வியிடம். “ஒண்ணும் கவலப்படாதீக. செழியண்ணன் உள்ள இருந்தப்ப அவுக வீட்டுக்கு அரிசி பருப்பு எண்ணெய் எல்லாம் நாங்கதான் எறக்குனோம். ஒரு மாசம் தவறல. ஒங்களுக்கும் ஒரு கொறையும் வராது.”

“சரிங்கக்கா” என்றாள் மாரிசெல்வி.

யோகேஸ்வரி போன பிறகு சின்னச்சாமி குரலைத் தணித்துக் கேட்டான். “வெள்ளைத்தாயி எங்கன இருந்தா?”

செழியன் மெல்லுவதை நிறுத்தினான். “அந்த மரத்தடிதான்.”

“நீ?”

“வாசக் கேட்டுல. லோடு ஏத்திக்கிட்டு இருந்தோம். சத்தம் கேட்டுத் திரும்பினா மரத்தைக் காங்கல.” சால்னா வாளியைத் தள்ளி வைத்தான். “புது மரம் வச்சிருக்கானாம். நெழலு வர நாளாகும். அது வரைக்கும் தார்ப்பாய் கட்டிக்க.”

சின்னச்சாமி இலையை மூடினான்.

சாப்பாடு முடிந்து போட்டோவுக்கு முன்னால் குடும்பத்தினர் அறிமுகம் என்று கண்ணுச்சாமி அறிவித்தான். பெண்கள் வேண்டாம் வேண்டாம் என்று மைக்கை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தள்ளினார்கள். துபாய்க்காரன் மனைவி வணக்கம் மட்டும் சொன்னார். தலைமையாசிரியர் மனைவி ஒரு பக்திப் பாட்டில் இரண்டு வரி பாடினார். யோகேஸ்வரி எல்லாரும் அடிக்கடி வீட்டுக்கு வர வேண்டும் என்றார். மைக் மாரிசெல்வி கைக்கு வந்தபோது அவள் அதைத் தள்ளவில்லை. எழுந்து நின்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

“எல்லாத்துக்கும் வணக்கம். எம்பேரு மாரிசெல்வி. பட்டாசுக்குத்தான் போறேன். எங்க வீட்டுக்காரக, இந்தா இருக்காகளே, நீங்க படிச்ச படிப்புத்தான் படிச்சிருக்காக. இப்ப வேலை இல்ல. பங்குனிலருந்து வீட்டுலதான் இருக்காக. தண்ணி பிடிக்கிறது, சோறு பொங்குறது எல்லாம் இவுகதான். போர்மேன்னு சொன்னது கூச்சத்துல சொன்னது. எங்கயும் சேரல. சேரவும் மாட்டாக.”

மைக்கைக் கீழே வைக்கப் போனவள் திரும்ப வாயருகே கொண்டுபோனாள்.

“கொளம்பு நல்லா வைப்பாக” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. எதற்குத் தட்டுவது என்று தெரியவில்லை. தரை பிளந்தால் நல்லது என்று சின்னச்சாமி நினைத்தான். மண்டபத்தில் புதிதாக டைல்ஸ் பதித்திருந்தார்கள்.

கண்ணுச்சாமிதான் நிலைமையைச் சமாளித்தான். மைக்கோடு சின்னச்சாமியிடம் வந்தான். “ஏலே, நீ ஒண்ணு சொன்ன, தங்கச்சி ஒண்ணு சொல்லுது. எதுலே நெசம்?”

சின்னச்சாமி எழுந்தான். ராஜபாண்டியன் மூன்று வரிசை தள்ளி, முகத்தில் பாதிச் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தான். செல்வி தமாசு பண்ணுகிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சிரிப்பு முழுசாகும், எல்லாரும் சிரிப்பார்கள், வெள்ளிக்கிழமை பூசைக்கு வெள்ளை வேட்டியில் போய் நிற்கலாம். மச்சினனுக்கு வேலை கேட்டவன் ஏற்கெனவே சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தான். மாரிசெல்வி இவனைப் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்பதுபோல் மடியில் கையை வைத்துக்கொண்டு மேடையில் தொங்கிய பலூனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ சொல்றதுதான் நெசம்” என்றான்.

ஸ்பீக்கர் கீச்சிட்டது. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

“கொளம்பு மட்டும்தான் நல்லா வரும். ரசம் இன்னும் பிடிபடல.”

முதலில் பெண்கள் பக்கம் சிரித்தது. பிறகு ஆண்கள். அவன் பயந்த அதே சிரிப்புதான். வந்து, அடித்து, போய்விட்டது. ஆள் அப்படியே நின்றான். தலைமையாசிரியர் மனைவி, நுரை கட்டினதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்க விடக்கூடாது என்று அங்கிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார்.

ராஜபாண்டியனுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தொழிலில் கோபப்பட்டால் ஆகாது. “சரிலே, விடு” என்றான். பிறகு மெதுவாக நாற்காலி வரிசை முழுவதையும் ஒரு பார்வை பார்த்தான். எல்லாரும் அதே பட்டம் வாங்கியவர்கள். அந்தப் பார்வை வர வர, ஒவ்வொருவனும் போனை எடுத்துப் பார்த்தான், செருப்பைத் தேடினான், மனைவியிடம் ஏதோ கேட்டான். லட்சுமிகாந்தம் மட்டும் பார்வையை வாங்கிக்கொண்டான். சற்று நேரத்தில் இருவரும் மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவு வழியே வெளியே போவதைச் சின்னச்சாமி பார்த்தான். திரும்பி வரும்போது ராஜபாண்டியன் கை லட்சுமிகாந்தம் தோளில் இருந்தது.

போட்டோ எடுத்து முடித்ததும் கை கழுவுகிற இடத்தில் சின்னச்சாமி லட்சுமிகாந்தத்தைப் பிடித்தான்.

“லட்சு, அவன் என்ன கேட்டான்?”

“கேக்கல. நான்தான் கேட்டேன்.”

“வேண்டாம்டே. மரத்தடியில ஒக்கார வைக்கிறான். ஆளுக்கு ஒரு ரூமு விட்டிருக்கான். ஏதாச்சும் ஆச்சுன்னா ஒந்தலையிலதான் விடியும். ஒனக்கென்ன தலையெழுத்து, மண்டிய விட்டுட்டு?”

“மண்டி எங்கன இருக்கு?” லட்சுமிகாந்தம் குழாயைத் திறந்து, கழுவின கையையே மறுபடி கழுவினான். “கடைய அடைச்சு ரெண்டு வத்தல் சீசன் போயிருச்சு. தெனம் காலைல சட்டைய மாட்டிக்கிட்டு டிபன் பாக்ஸோட கெளம்பிருவேன். ஜங்ஷன்ல பிளாட்பாரம் இருக்குல்ல, கடைசி பெஞ்சு. மத்தியானம் அங்கன ஒக்காந்து தின்னுட்டு, வெயில் தாழ வீட்டுக்குப் போவேன்.”

“வீட்டுல தெரியாதா?”

“மண்டில கூட்டமான்னு கேப்பா. ஆமான்னு சொல்லுவேன்.”

சின்னச்சாமி குழாயை அடைத்தான். “ஒங்க வீட்டம்மாவக் கூட்டியாந்திருக்கலாம்லே இன்னைக்கு” என்றான்.

லட்சுமிகாந்தம் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தான். “கூட்டியாந்தா ஒம்பொண்டாட்டி மாதிரி எந்திரிச்சுருவாளோன்னுதான் கூட்டியாரல” என்றான். சிரிக்கத்தான் முயன்றான். “வெள்ளிக்கெளமை பூசைக்கு வா மாப்ள. பொங்கல் தருவாக.”

வெளியே மழை விட்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் மாரிசெல்வி நின்றாள். கோபமாக இருக்கிறானா என்று பக்கவாட்டில் பார்த்தாள். அவன் லட்சுமிகாந்தம் சொன்னதையெல்லாம் சொன்னான்.

“அவுக வீடு எங்கன?”

“ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம். காமாட்சி கோயில் சந்து. எதுக்கு?”

“எதுக்கா? அவுக வீட்டம்மாகிட்டச் சொல்லத்தான்.”

“செல்வி, அவன் வீட்டு விவகாரம். நாம போயி…”

“பந்தியில நீங்க கம்பளி விவகாரம் கேட்டீகளே, அது யாரு வீட்டு விவகாரம்?”

“அவன் இதுக்கப்புறம் ஏம்மூஞ்சில முழிக்க மாட்டான்.”

“முழிக்க வேண்டாம். வெளிய இருக்கட்டும்.”

அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். சாத்தூர் பஸ் வந்து அவனெதிரே நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, “அண்ணே, ஏறுறீகளா இல்லையா?” என்றான். சின்னச்சாமி பஸ்ஸைப் பார்த்தான். தெருவில் தேங்கின தண்ணீரைச் சுற்றிச் சேலையைத் தூக்கிப் பிடித்து அவள் போய்க்கொண்டிருந்தாள், தப்பான பக்கம் திரும்பப் போனாள்.

“ஏ செல்வி” என்று கத்தினான். “அங்கிட்டு இல்ல, எடது பக்கம்.”

பஸ் கிளம்பிப் போனது.